கை தூக்கியவனிடம் பேசக்கூடாது

உத்தமனுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: சேலத்துக்கு ஒரு மாற்றல். அங்கே அவன் மனைவி அனுஷா பள்ளிக்கூடத்தில் டீச்சர். கைக்குழந்தை ஒன்று. வீடியோ காலில் அப்பா பேசினால் அது போனைப் பிடுங்கித் திருப்பி, அப்பா பின்பக்கம் ஒளிந்திருக்கிறாரா என்று பார்க்கும். சேலத்திலேயே கம்பெனிக்குக் கிளை இருந்தது. அங்கே நாற்காலியும் காலியாக இருந்தது. ஆகவே விஷயம் சுலபம் என்று நினைத்தான். பெங்களூருக்கு வந்து அதிக நாள் ஆகாதவன், பாவம்.

கம்பெனியின் பெயர் ஸ்பஷ்டவாணி சர்வீசஸ். தெளிவான பேச்சு என்று அர்த்தம். தொம்மலூரின் பழைய சந்துகள் முடிந்து கண்ணாடிக் கட்டடங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் மூன்றாவது மாடி. தமிழ்நாட்டில் யார் வீட்டிலாவது தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் ஒழுகினால் போன் இங்கேதான் அடிக்கும். எந்தக் குழாயை மூட வேண்டும், எதைத் திருக வேண்டும் என்று உத்தமன் சொல்வான். கேட்பவர்கள் திருகுவார்கள். ஒழுகல் நிற்கும். இதற்கு மேல் அவன் வேலையில் மர்மம் எதுவும் கிடையாது.

மாற்றல் கேட்டுப் போனபோது எச்.ஆர். தலைவி ஸ்ரீவித்யா புன்னகையோடு விளக்கினார். நிரந்தரமான ஊழியர்களுக்குத்தான் மாற்றல். நிரந்தரமாவதற்குக் குழுத்தொடர்புச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழ் பெயிண்ட்பால் மைதானத்தில் கொடுக்கப்படும். உத்தமன், பெயிண்ட்பாலுக்கும் குழாய் ரிப்பேருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டான். ஸ்ரீவித்யாவின் புன்னகை அப்படியே இருந்தது. "சம்பந்தம் கேக்கறவங்களுக்குத்தான் உத்தமன், இந்தப் பயிற்சி முக்கியமா தேவைப்படுது" என்றார்.

பெயிண்ட்பால் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: காற்றழுத்தத் துப்பாக்கி ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அதிலிருந்து கோலிக்குண்டு அளவில் சாய உருண்டைகள் பறக்கும். மேலே பட்டு உடைந்தால் நீங்கள் செத்தீர்கள். காற்றடைத்த பெரிய பெரிய தலையணைகளுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து போய் எதிரணியின் கொடியைப் பிடுங்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் விளையாடினால் ஒரு மணி நேரத்தில் சந்தோஷமாக முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பெரியவர்கள், அதுவும் கம்பெனி நடத்துகிற பெரியவர்கள் விளையாடினால் அதற்குக் கொள்கை, குறிக்கோள், பயிற்றுநர், மறுஆய்வுக் கூட்டம் எல்லாம் வந்துவிடும்.

ஸ்பஷ்டவாணி அணியின் தலைவர் ரகுராம். கம்பெனியில் அவர்தான் ஆபரேஷன்ஸ் தலைவர். தாத்தா மைசூர் அரசு உத்தியோகத்தில் இருந்த காலத்திலிருந்து மல்லேஸ்வரத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம். வெளிநாட்டில் ஒரு வாரம் தொழில்முறைப் பெயிண்ட்பால் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர். போகும்போது நல்ல மனிதராகத்தான் போனார் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

இந்த ஆட்டத்தில் உயிர்நாடி பேச்சு. எதிரி எந்தத் தலையணைக்குப் பின்னால் இருக்கிறான், எத்தனை பேர் மிச்சம் என்று கூவிக்கொண்டே இருக்க வேண்டும். எதிரிக்குப் புரியக்கூடாது. உலகமெங்கும் இதற்குக் குறிச்சொற்கள் வைத்துக்கொள்வார்களாம். ஸ்பஷ்டவாணி முதலில் செலவில்லாத வழியைப் பார்த்தது. எல்லாரும் தமிழில் கத்தலாம் என்று முடிவு செய்தார்கள். பெங்களூரில் தமிழில் கத்தி ரகசியம் காக்கப் பார்த்த முதல் அணி அதுவாகத்தான் இருக்கும். "லெஃப்ட்ல ஒருத்தன் வரான்" என்று இவர்கள் கத்த, எதிரணியில் இருந்து "வரல, இங்கதான் இருக்கேன்" என்று பதில் வந்தது. கன்னடத்துக்கு மாறினார்கள், எதிரணி மொத்தமும் கன்னடம். தெலுங்கு, இந்தி, மலையாளம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இந்த ஊரில் எந்த பாஷையில் வைதாலும் வாங்கிக்கொள்ள ஒருவன் பக்கத்திலேயே நிற்பான். ஒன்றும் பலிக்கவில்லை.

அந்தத் தோல்வியில்தான் ரகுராமுக்கு ஞானம் பிறந்தது. ஞானம் பிறந்தால் கமிட்டியும் பிறக்கும். குறிச்சொல் கமிட்டி அமைக்கப்பட்டது. வாராவாரம் சொற்கள் மாறும். முதல் வாரம் இனிப்பு வகைகள்: இடப்பக்கத் தலையணை ஜிலேபி, வலப்பக்கம் மைசூர்பாகு, நடுவில் இருப்பது பாதுஷா. அடுத்த வாரம் மெட்ரோ ஸ்டேஷன்கள். ஸ்டேஷன் பெயரைக் கேட்டதும் நாலு பேர் எந்தப் பக்கம் ஏறலாம், எங்கே மாறலாம் என்று விவாதிக்க ஆரம்பித்துவிட்டதால் அதைக் கைவிட்டு, மூன்றாவது வாரம் உறவுமுறைகளுக்கு வந்தார்கள். எதிரணியில் முன்னால் வருகிறவன் சித்தப்பா. பின்னால் நிற்பவன் மாமா. கொடிக்குக் காவல் நிற்பவள் பெரியம்மா.

பயிற்சி சனிக்கிழமைகளில். அதுதான் உத்தமன் சேலம் பஸ் பிடிக்கிற நாள். முன்பெல்லாம் மாதம் இரண்டு தடவை போய்வந்தவன், பயிற்சி ஆரம்பித்த பிறகு ஒரு தடவையும் போகவில்லை. எப்போது வருகிறீர்கள் என்று அனுஷா கேட்டாள். சான்றிதழ் வந்ததும் ஒரேயடியாக வந்துவிடுகிறேன் என்றான். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆகவேண்டும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, லிங்கராஜபுரத்தில் தான் தங்கியிருந்த அறையிலும், ஆபீஸ் போகிற பஸ்ஸிலும் சொற்களை மனப்பாடம் செய்தான். பஸ்ஸில் ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு "சித்தப்பா போயிட்டார், மாமாவும் போயிட்டார், பெரியம்மா தனியா நிக்கறாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கண்கலங்கி, தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். விபத்தா என்று கேட்டார். சொற்களின் அர்த்தத்தை வெளியாரிடம் சொல்லக்கூடாது என்பது விதி. ஆமாம் என்று தலையாட்டினான். பஸ்ஸே அவனுக்கு ஆறுதல் சொன்னது. வெட்கம் பிடுங்கித் தின்ன, தன் ஸ்டாப் வருவதற்கு முன்பே இறங்கி நடந்தான்.

சொற்கள் ஒருபுறம் இருக்க, அவற்றைச் சொல்வதற்கும் முறை இருந்தது. யாரும் எடுத்த எடுப்பில் கத்திவிட முடியாது. எதிரி நம் குரலில் கத்தலாம் அல்லவா? ஆகவே ஒருவன் செய்தி சொல்ல வேண்டுமானால் முதலில் "வணக்கம்" என்று கூவ வேண்டும். கேட்பவன் "எந்த ஊரு?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். சொல்பவன் அந்த வாரத்து ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும். அது சரியாக இருந்தால் "சாப்டாச்சா?" என்று கேட்பவன் அனுமதி கொடுப்பான். அதற்குப் பிறகு செய்தி. செய்தி முடிந்ததும் புரிந்தது என்பதற்கு ஒரு சொல், புரியவில்லை என்பதற்கு ஒரு சொல். புரியவில்லை என்பதற்கான சொல் யாருக்கும் புரியாததால் எல்லாரும் புரிந்தது என்றே சொல்லிவந்தார்கள்.

"நமக்குள்ளயே யாருக்கும் வெளங்கல, எதிரிக்கு எப்படி வெளங்கும்?" என்றாள் குளோரியா, பயிற்சிக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு. லிங்கராஜபுரத்துக்காரி. உத்தமனுக்குப் பக்கத்து இருக்கை. ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடல் குழுவில் பாடுகிறவள். அவள் குரல் நன்றாகக் கேட்கிறது என்பதே அணியில் அவள்மீது இருந்த குற்றச்சாட்டு. "இதை வெளிய சொல்லிடாத உத்தமன். சொன்னா அதையே கொள்கையா ஆக்கிடுவாங்க."

சொல்லாமலே ஆக்கினார்கள். வெள்ளிக்கிழமை மாலை புதிய சொற்கள் அறிவிக்கப்படும். பாதுகாப்புக் கருதி, அந்த அறிவிப்பு புதிய சொற்களிலேயே இருக்கும். பழைய சொற்களில் அறிவித்தால் பழையதைத் திருடிய எதிரி புதியதையும் தெரிந்துகொள்வான் என்று ரகுராம் விளக்கம் கொடுத்தார். புதியதைத் தெரிந்துகொள்ள நாங்கள் என்ன செய்வது என்று உத்தமன் கேட்டான். கூட்டம் அவனைத் திரும்பிப் பார்த்தது. "நோடி, பாருங்க உத்தமன்," என்றார் ரகுராம் கன்னடம் கலந்து, பரிவாக. "தெரிஞ்சுக்கறது உங்க பொறுப்பு. தெரியாம பாத்துக்கறது கமிட்டியோட பொறுப்பு. ரெண்டையும் ஸ்வல்ப பிரிச்சுப் பாருங்க."

முதல் பெரிய ஆட்டம் பொம்மசந்திராவில் நடந்தது. ஓசூர் ரோட்டை ஒட்டி, ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் மைதானம். ஒருபக்கம் கம்பிவேலி, அதற்கு அந்தப்பக்கம் லாரிகள். எதிரணி ஒரு கணக்குத் தணிக்கை ஆபீஸ். அவர்களிடம் குறிச்சொல் எதுவும் இல்லை. விரலை நீட்டி அங்கே, இங்கே என்று காட்டிக்கொண்டார்கள். பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் உத்தமன் அதைப் பார்த்தான். தணிக்கைக்காரன் ஒருவன் வேலியோரமாக நடந்து வந்து, ரகுராமுக்கு நேர் பின்னால் வந்து நின்றான். ஒளியக்கூட இல்லை. உத்தமன் "வணக்கம்" என்று கூவினான். ரகுராம் முன்பக்கமே பார்த்துக்கொண்டு "எந்த ஊரு?" என்றார். "திப்டூர்" என்றான் உத்தமன். அது போன வாரத்து ஊர். ரகுராம் கோபமாகக் கையை ஆட்டி மறுத்தார். உத்தமன் யோசித்து "சிக்கபள்ளாப்பூர்" என்றான். அனுமதி கிடைத்தது. "சாப்டாச்சா?" என்றார் ரகுராம். உத்தமன் வாயைத் திறந்தான். பின்னால் என்பதற்கான சொல் கமிட்டியின் மறுபரிசீலனையில் இருந்தது ஞாபகம் வந்தது. திறந்த வாயோடு அப்படியே நின்றான். தணிக்கைக்காரன் அவன் முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தான். பிறகு அலுத்துப்போய்ச் சுட்டான். ரகுராமின் முதுகில் மஞ்சள் பூத்தது. அதன்பின் ஒவ்வொருவராக எல்லாரும் செத்தார்கள்.

மறுஆய்வுக் கூட்டத்தில் ரகுராம் உணர்ச்சிவசப்பட்டார். "நாம தோத்துட்டோம்னு சிலர் பேசிக்கறாங்க. கொடி போச்சு, ஒப்புக்கறேன். ஆள் போச்சு, ஒப்புக்கறேன். ஆனா நம்ம வாயிலேர்ந்து ஒரு தகவல் எதிரிக்குப் போச்சா? ஒருத்தருக்காவது போச்சா? இதுதாங்க வெற்றி." கைதட்டல் எழுந்தது. வாயில் வந்த சொல்லைக் கடைசி நொடியில் விழுங்கி ரகசியம் காத்த வீரன் என்று உத்தமனை மேடைக்கு அழைத்தார்கள். சான்றிதழை ரகுராமே கொடுத்தார். அதில் முதல் தரம் என்று போட்டிருந்தது. அன்று ராத்திரியே அனுஷாவிடம் சொன்னான். அவள் அப்போதே சேலத்தில் இன்னும் கொஞ்சம் பெரிய வீடாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

திங்கட்கிழமை சான்றிதழோடு எச்.ஆர். வாசலில் நின்றான். ஸ்ரீவித்யா அதை இருபுறமும் பார்த்தார். நிரந்தரம் ஆகிவிட்டது என்று வாழ்த்தினார். பிறகுதான் சேலத்துக் கிளைக்கும் ஒரு பெயிண்ட்பால் அணி இருக்கிறது என்பதைச் சொன்னார். கிளைகளுக்கு இடையில் போட்டி நடக்கும். பெங்களூர் அணியின் குறிச்சொற்களை முதல் தரத்தில் அறிந்த ஒருவரைச் சேலத்துக்கு அனுப்புவது எப்படிச் சரியாகும்? சான்றிதழ் இல்லாவிட்டால் அனுப்பலாம். ஆனால் சான்றிதழ் இல்லாவிட்டால் நிரந்தரம் கிடையாது, நிரந்தரம் இல்லாவிட்டால் மாற்றல் கிடையாது.

உத்தமனுக்கு மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைத் தூக்கி அந்தக் கண்ணாடிச் சுவரில் எறிய வேண்டும்போல இருந்தது. எறியவில்லை. வேறு வழியே இல்லையா மேடம் என்று கேட்டான். இருந்தது. மறதிப் பயிற்சி. கற்றதையெல்லாம் முறைப்படி மறந்து, மறந்துவிட்டதாக ரகுராமிடம் வாய்மொழித் தேர்வில் நிரூபித்தால் போகலாம். பயிற்சி சனிக்கிழமைகளில்.

மறதிப் பயிற்சியில் முதலில் எல்லாச் சொற்களையும் திரும்ப மனப்பாடம் செய்ய வைத்தார்கள். எதை மறக்க வேண்டும் என்று தெரிந்தால்தானே மறக்க முடியும்? உத்தமன் முன்பு பாதிதான் தெரிந்துவைத்திருந்தான். இப்போது ஒன்றுவிடாமல் தெரிந்தது. தூக்கத்தில்கூடச் சித்தப்பாக்கள் வந்தார்கள். பிறகு தேர்வு நாள் வந்தது.

"மைசூர்பாகுன்னா என்ன?" என்று கேட்டார் ரகுராம்.

"ஸ்வீட்டுங்க சார்" என்றான் உத்தமன்.

"சட்டுனு சொல்லிட்டீங்க. நெஜமா மறந்தவன் ஸ்வல்பமாவது யோசிப்பான். அடுத்தது, பாதுஷா?"

உத்தமன் யோசித்தான்.

"யோசிக்கறீங்க. உள்ள ஏதோ இருக்கு, அதான் யோசிக்கறீங்க" என்று ரகுராம் குறித்துக்கொண்டார். பெரியம்மா என்றால் யார் என்று கேட்டபோது அம்மாவின் அக்கா என்றான். கமிட்டி அர்த்தத்தை இவ்வளவு கச்சிதமாகத் தவிர்க்க முடிகிறதென்றால் அந்த அர்த்தம் பசுமையாக நினைவிருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி என்றார். தேர்வில் உத்தமன் தோற்றான். அடுத்த தேர்வு அடுத்த பருவத்தில். அதுவரை அவன் அணியில் ஆட வேண்டும்.

அன்று போனில் அனுஷா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "என்னங்க, நீங்க சொல்றது ஒண்ணுமே எனக்குப் புரியல. வர்றீங்களா, வரலையா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள். அதை மட்டும் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. குழந்தை போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தது. அங்கே யாரும் இல்லை என்று தெரிந்ததும் போனைக் கீழே போட்டுவிட்டுத் தவழ்ந்து போய்விட்டது. முதல் தடவையாக அது தேடுவதை நிறுத்திக்கொண்டது.

அடுத்த சனிக்கிழமை மறுபடி பொம்மசந்திரா. ஆட்டத்துக்கு முன்னால் ரகுராம் வழக்கமான பிரசங்கத்தைச் செய்தார். அணியில் ஒழுக்கம் குறைந்துவருகிறது என்றார். சுடப்பட்டவர்கள் வெளியே போகும்போது பேசுகிறார்கள், அவர்களோடு மற்றவர்களும் பேசுகிறார்கள், தகவல் கசிகிறது. "ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. கை தூக்கினவன் செத்தவன். செத்தவன் பேசக்கூடாது. செத்தவன்கிட்ட யாரும் பேசக்கூடாது, நிறுத்தக்கூடாது, தொடக்கூடாது. நானே ஆனாலும் சரி. மீறினா அணி மொத்தமும் தகுதியிழப்பு." எல்லாரும் தலையாட்டினார்கள். உத்தமன் கொஞ்சம் அதிகமாகவே தலையாட்டினான்.

ஆட்டம் ஆரம்பித்தது. இந்த வாரத்துச் சொற்கள் பறவைகள் என்று சிலரும், காய்கறிகள் என்று சிலரும் நம்பி ஆடினார்கள். "கொக்கு!" என்று ஒரு பக்கமும் "புடலங்காய்!" என்று இன்னொரு பக்கமும் கேட்டது. உத்தமன் ஒரு தலையணைக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தான். கம்பிவேலிக்கு அப்பால் ஓசூர் ரோடு தெரிந்தது. ஒரு பஸ் போனது. இன்னொன்று போனது. தமிழ்நாட்டு பஸ்கள். அனுஷா கேட்ட கேள்வி காதிலேயே இருந்தது.

துப்பாக்கியை மெதுவாகத் தரையில் வைத்தான். எழுந்து நின்றான். வலது கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கினான். நடக்க ஆரம்பித்தான்.

நடுவர் க்ளென் ஓடிவந்து அவனைச் சுற்றிப் பார்த்தான். உடம்பில் ஒரு பொட்டுச் சாயம் இல்லை. "எங்க பட்டுச்சு?" என்று கேட்க வாயெடுத்தவன், செத்தவனிடம் பேசக்கூடாது என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டான். உத்தமன் செத்தவர்கள் உட்காரும் பெஞ்சைத் தாண்டினான். தண்ணீர்ப் பந்தலைத் தாண்டினான். உடை மாற்றும் கூடாரத்தில் கொக்கியில் தொங்கிய தன் பையை இடது கையால் எடுத்துக்கொண்டான். வலது கை இறங்கவே இல்லை.

அவன் வாசல் பக்கம் போவதை ரகுராம் அப்போதுதான் பார்த்தார். முகம் சிவந்தது. எழுந்து நின்றார், எழுந்த வேகத்தில் மார்பில் ஒரு உருண்டை உடைந்தது. இப்போது அவரும் செத்துவிட்டார். செத்தவர் பேசக்கூடாது. கையைத் தூக்கிக்கொண்டு, கன்னமெல்லாம் துடிக்க, மூச்சுமுட்ட நின்றார். குளோரியா மட்டும் ஒரு தலையணைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். எந்தக் குறிச்சொல்லும் சொல்லாமல், போ என்று கையை அசைத்தாள். அந்தச் சைகைக்குக் கமிட்டி அனுமதி கிடையாது. உத்தமனுக்கு உடனே புரிந்தது.

வாசல் காவலாளிக்கும் விதி சொல்லப்பட்டிருந்தது. கதவைத் திறந்துவிட்டார்.

ஓசூர் ரோட்டில் வெயில் கொளுத்தியது. முழங்கால் கவசமும் பச்சைச் சட்டையுமாக, ஒரு கை ஆகாயத்தில் நிற்க, உத்தமன் ரோட்டோரம் நின்றான். வேலை போய்விடும் என்று தெரியும். அனுஷாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. சேலத்தில் யார் வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்? பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கை கீழே வரவில்லை, தோள் வலித்தும் வரவில்லை. தூரத்திலேயே அவனைப் பார்த்துவிட்ட பஸ் ஒன்று வேகம் குறைத்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு அவன் முன்னால் நின்றது.

ஏறினான். கண்டக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அதான் நின்னுடுச்சு இல்ல, கைய எறக்குப்பா. எங்க போவணும்?"

உத்தமன் கையை இறக்கினான். பழக்கதோஷத்தில், அவர் சாப்டாச்சா என்று கேட்பதற்காகக் காத்திருந்தான். அவர் கேட்கவில்லை. பஸ் நகர்ந்துவிட்டது.

"சேலம்" என்றான்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். உத்தமன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றான். அவன் கண் நிறைந்துவிட்டது.

"புரிஞ்சுதுங்களா?" என்று கேட்டான்.

"இதுல புரியறதுக்கு என்னப்பா இருக்கு?" என்றார் கண்டக்டர். "உள்ள போய் உக்காரு."